அளவான பை

அண்ணை,

இரண்டு நாள் என் சமையலறை மேசையில் ஒரு சின்ன முதுகுப்பை இருந்தது. நேற்று அதைக் கொடுத்துவிட்டேன். ரப்பர் பூசிய புதுத் துணியின் வாசம் மட்டும் இன்னும் வீட்டில் நிற்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டுப் பார்த்தேன், போகவில்லை. உங்கள் காரின் பின்கதவைத் திறந்தால் இப்படித்தான் மணக்கும். அதோடு வேலைச் சப்பாத்தும் ஈர இலையும் சேர்ந்திருக்கும்.

தொழிற்சாலைச் சிநேகிதர்கள்தான் உங்களை டிஸ்க் கோல்ஃப் விளையாட இழுத்துக்கொண்டு போனார்கள். இக்காஸ்ட் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடிந்ததும் நேரே காட்டுக்குப் போய், மரங்களுக்கிடையே நிற்கிற சங்கிலிக் கூடைகளுக்குள் தட்டுகளை எறிந்து போடுவீர்கள். சாப்பாட்டுத் தட்டைக் கோப்பை என்கிற அம்மா வாசலில் நின்று கேட்பா, "இண்டைக்கும் கோப்பை எறியப் போறியோ?" நீங்கள் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொல்வீர்கள், "உங்கட கோப்பையளை நான் தொடேல்லை எண்டு சந்தோசப்படுங்கோ அம்மா."

உங்கள் மகள் ஆரணிக்கு மூன்று வயது முடிந்த வசந்தத்தில் அவளையும் கூட்டிப்போகத் தொடங்கினீர்கள். எடை குறைந்த சின்னத் தட்டுகள் மூன்று அவளுக்கென்று வாங்கியிருந்தீர்கள். ஒரு நாள் என்னிடம் வந்து, "நீ படிச்சனி. உந்த இன்ரநெற்றில வாசிச்சுப் பார்த்து அவளுக்கு ஒரு சின்னப் பை எடு. அவளே தூக்கிக்கொண்டு நடக்க வேணும். நான் தூக்கினா அது என்ர பையாப் போயிடும்" என்றீர்கள்.

அப்போது குடும்பத்தின் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள் நான். ஒரு வேலையைத் தந்தால் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று ஒரு கிழமை உட்கார்ந்து வாசித்தேன். துணி, தையல், ஜிப்பின் உறுதி, எத்தனை தட்டுப் பிடிக்கும் என்பதெல்லாம் பார்த்தேன். கடைசியில் எங்கள் வீட்டில் எப்போதும் நடப்பதுதான் நடந்தது. அம்மா எங்களுக்குக் குளிர்ச் சட்டை வாங்கும்போது அதன் கை எங்கள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கும். "வளர்ற பிள்ளையள், ரெண்டு வருசத்துக்குக் காணும்" என்பா. அந்தக் கையை இரண்டாக மடித்துக்கொண்டுதான் நாங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனோம். பையைத் தெரிவு செய்தது என் படிப்பு என்று நினைத்தேன். அம்மாவின் கைதான் தெரிவு செய்திருந்தது.

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்.

"எத்தனை பிடிக்கும்?"

"இருபது."

"அவளிட்ட மூண்டுதானேடி இருக்கு?"

"வளருவாள்தானே அண்ணை."

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "சரி, சரி. நீயும் அம்மாவேதான்."

ஆரணியின் தோளில் மாட்டிப் பார்த்தோம். பை அவளுடைய முழங்கால் மடிப்பில் இடித்தது. இரண்டடி வைத்தாள், பின்னுக்குச் சாய்ந்து பொத்தென்று தரையில் இருந்துவிட்டாள். அழவில்லை, கழற்றச் சொல்லிக் கையை நீட்டினாள். நீங்கள் அதை எடுத்து உங்கள் ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "அடுத்த வருசம் பாப்பம்" என்றீர்கள். திருப்பி அனுப்பச் சொல்லி ஒரு சொல் சொல்லவில்லை, நான் குறுகிப்போவேன் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கோடை முழுக்கப் பை உங்கள் தோளில் இருந்தது. பிள்ளை வெறுங்கையோடு பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள்.

இலையுதிர்காலத்தில், ஷிஃப்டின் நடுவில், உங்கள் இதயம் நின்றுபோனது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. அண்ணி வருகிற கிழமை ஆரணியோடு ஹ்விடோவ்ரேக்குப் போகிறா. அங்கே அவவின் தமையன் இருக்கிறார், வேலையும் கிடைத்திருக்கிறது. எனக்கு வேலை ஹொல்ஸ்டெப்ரோவில். நாட்டின் ஒரு கரையில் நான், மறு கரையில் அவள். தொலைபேசியில் அவளோடு கதைப்பது எப்படி என்று எனக்கு இப்போதே தெரியும். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் ஒரு சொல் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள்.

போன மாதம் அண்ணி சொன்னதுதான் என்னைக் கடைக்கு அனுப்பியது. "படத்தைக் காட்டினா 'அப்பா' எண்டுறாள். வேற ஒண்டும் ஞாபகமில்லை அவளுக்கு. நானும் கிண்டிக் கிண்டிக் கேக்கிறதில்லை."

அந்தப் பையை அளவாக வாங்கியிருந்தால், அதன் பாரமாவது அவளுடைய தோளில் தங்கியிருக்குமோ? இந்தக் கேள்வி எந்தப் பக்கம் திரும்பினாலும் என்னோடு வருகிறது.

கடையில் இருந்த பெண், பிள்ளை எவ்வளவு உயரம் என்று கேட்டாள். நான் கையால் காட்டினேன். "அப்படியென்றால் மூன்று வயதா?" "இல்லை, ஐந்தரை." அவள் என் கையைப் பார்த்தாள், நானும் பார்த்தேன். நீங்கள் எங்களை விட்டுப் போன வருடத்தின் உயரத்தில் நின்றது என் கை.

வெளியே வந்து அண்ணிக்குத் தொலைபேசி எடுத்து ஆரணியின் உயரம் கேட்டேன். "நூற்றுப் பதினாறு சென்ரிமீற்றர். நீர் என்ன, சட்டையோ வாங்கிறீர்?" "இல்லை அண்ணி, ஒரு பை." அண்ணி சொன்னா, "வாங்கும். ஆனா கனக்க யோசியாதையும்."

திரும்பவும் என் கை முதலில் பெரியதற்குத்தான் போனது. பிடித்து இழுத்து வைத்துக்கொண்டேன். நாலு தட்டுப் பிடிக்கிற பை, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலுக்கு ஒரு வலைப்பை. இரண்டு தோளிலும் சமமாகப் பாரம் விழ இரண்டு பட்டி. நெஞ்சில் பூட்டுகிற கொளுவியைப் பிள்ளையே திறக்க முடிகிறதா என்று என் சின்ன விரலால் மட்டும் திறந்து பார்த்தேன். தரையில் வைத்தேன், சரியாமல் நின்றது. நீங்கள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது.

நேற்று அவளைக் காட்டுக்குக் கூட்டிப்போனேன். பை அவளுடைய முதுகில் அச்சாகப் பொருந்தி இருந்தது. நான் உதவப் போனபோது தோளைத் திருப்பிக்கொண்டாள். தானே பூட்டினாள், தானே சுமந்து நடந்தாள். முதல் கூடை தெரிந்ததும் டேனிஷில் கேட்டாள், "மாமி, நான் இங்கே முந்தி வந்திருக்கிறேனா?"

"ஓம். அப்பாவோட. கனதரம்."

அவள் கூடையின் சங்கிலிகளைக் கையால் அசைத்துப் பார்த்தாள். "அப்பா எப்படி எறிவார்?"

அண்ணை, எனக்குத் தெரியவில்லை. நீங்கள் விளையாடிய நேரமெல்லாம் நானும் அங்கேதான் இருந்தேன். மர வாங்கில் உட்கார்ந்து இறுதி ஆய்வுக்கு வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் "நீ இருந்து படி" என்றீர்கள். சங்கிலிச் சத்தம் கேட்டால் நிமிர்வேன், அதற்குள் தட்டு கூடைக்குள் இருக்கும். உங்கள் சப்பாத்தின் தேய்ந்த குதி ஞாபகம் இருக்கிறது. பை இருந்த பக்கம் தோள் சரிந்து நீங்கள் நடந்தது ஞாபகம் இருக்கிறது. தட்டு கையை விட்டுப் போகிற அந்த ஒரு கணம் என்னிடம் இல்லை. அவளிடமும் இல்லை. வேறு யாரிடம் கேட்பது?

"நல்லா எறிவார்" என்றேன்.

"காட்டுங்கோ" என்றாள், தமிழில். அபூர்வமாகத்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தட்டை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றாள். நான் வாங்கி, காலை அகட்டி, மணிக்கட்டை உள்ளே மடித்து எறிந்தேன். அது மேலே எழும்பி, பக்கவாட்டில் திரும்பி, செந்தட்டிப் புதருக்குள் விழுந்தது. ஆரணி வாய்விட்டுச் சிரித்தாள். ஓடிப்போய்த் தடியால் கிளறி எடுத்துவந்தாள். அதே இடத்தில் நின்று, என்னைப் போலவே காலை அகட்டி, மணிக்கட்டை அதே பிழையோடு மடித்து எறிந்தாள். அதுவும் புதருக்குள் போனது.

பிறகு திரும்பத் திரும்ப அதையே எறிந்தாள். ஒவ்வொரு தரமும் என் பக்கம் திரும்பி, "அப்பா மாதிரியா?" என்று கேட்டாள்.

ஒவ்வொரு தரமும் ஓம் என்றேன்.