டப்பாவில் நின்ற முகூர்த்தக்கால்

மச்சான்,

சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பால மரத்துப் பச்சை வாடை போகவில்லை. அந்த வாடை வந்தாலே உங்கள் நினைப்பும் கோபமும் சேர்ந்து வருகின்றன. செத்தவர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு உங்களைப் போல ஒரு கூட்டாளி வாய்த்திருக்க மாட்டார்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் நம் ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் வேண்டும் என்று முதலில் வாய் திறந்தது நான். கமிட்டித் தலைவராக உங்களை உட்கார வைத்ததும் நான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன்தான். ஆனால் தேங்காய்க் குடோன் தரையில் கரித்துண்டால் நான் போட்ட வரைபடத்தைப் பார்த்துப் பீளமேட்டு இஞ்சினியர் வாயைப் பிளந்து நின்றார். "நீங்க எந்தக் காலேஜுங்க?" என்றே கேட்டார். அதற்கு நீங்கள் ஒருவர்தான் சாட்சி. இப்போது சொன்னால் ஊரில் எவனும் நம்புவதில்லை.

என் வரைபடத்தில் நாலு பக்கமும் சுவரே கிடையாது. யானை தும்பிக்கையைத் தூக்கினாலும் எட்டாத கூரை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கே நுழைந்து கிழக்கே போகும். "பந்தியில எலை பறந்துருமுங்க மாப்ள" என்றீர்கள். "ரசத்தை ஊத்துனா தானா நிக்குமுங்க" என்றேன். கூடத்தின் நடுவில் மட்டும் சிமெண்டு பூசாமல் ஒரு முழம் வெறும் மண். முகூர்த்தக்கால் நடுவதற்கு.

"கலியாணம்னா கால் மண்ணுல ஊனோணுமுங்க மச்சான்."

"என்ற தலைய அடகு வெச்சாவது அந்த மண்ணைக் காப்பாத்தறனுங்க" என்று கையடித்துக் கொடுத்தீர்கள். என் மகள் கல்யாணம்தான் அங்கே முதல் கல்யாணம் என்றும் பேசிக்கொண்டோம்.

பிறகு தேங்காய் வியாபாரமாக நான் சத்தியமங்கலம் போய்த் தங்கினேன். மகளுக்குச் சம்பந்தமும் அங்கேயே அமைந்தது. திரும்பி வந்து பார்க்கிறேன்: நாலு பக்கமும் சுவர். சன்னலில் கலர் கண்ணாடி. தலைக்கு மேல் தெர்மாகோல் சீலிங். தாமரைப்பூ மேடை. வாசலில் பூனை முகத்தோடு இரண்டு சிங்கங்கள். முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம், அப்படி ஒரு மொசைக் தரை. அதன் நடுவில் மண்டி போட்டுத் தேடினேன்.

"ஏனுங் மச்சான், மண்ணு எங்கீங்க?"

"இப்பெல்லாம் மண்டபம்னா இப்படித்தானுங்க மாப்ள. பீளமேட்டுல போய்ப் பாருங்க. நடுவுல குழி இருந்தா எலி வளையான்னு கேப்பாங்க."

"தலைய அடகு வெக்கறேன்னீங்களே?"

"தலை பத்திரமா இருக்குதுங்க" என்று தொட்டுக் காட்டிச் சிரித்தீர்கள். சுவர் வந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது, இடத்தை மாற்ற வழியில்லை. முகூர்த்தக்காலுக்கு வெட்டி வந்த பால மரத்து முக்கவர்க் கொம்பைப் பெயிண்டு டப்பாவில் மணல் கொட்டி நிறுத்தினோம். மாப்பிள்ளையின் அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்க, உங்கூர்ல கலியாணம் டப்பாவுலதான் நடக்குமுங்களா?" கூடமே சிரித்தது. பேச்சில் இந்த ஜில்லாவுக்கே நான் சளைத்தவனில்லை. அன்று குனிந்து டப்பாவில் இன்னும் ரெண்டு கை மணலை அள்ளிப் போட்டேன்.

சுவர் கட்டிய கூடத்தில் காற்று ஏது? நாலு மூலைக்கும் ஃபேன் வைத்திருந்தார்கள். தாலியை எடுத்து நீட்டும் நேரம் யாரோ அந்த ஒயரில் தடுக்கி டப்பாவில் மோத, மொசைக்கில் டப்பா வழுக்கி, கொம்பு என் மகள் தலைக்கு நேராகச் சாய்ந்தது. சத்தியமங்கலத்தாருக்கு இந்தச் சகுனம் ஒன்று போதாதா! எங்கிருந்து பாய்ந்தீர்களோ, கொம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டீர்கள். "சீர் முடியற மட்டும் கைய எடுக்காதீங்க" என்றார் கல்யாணச் சீரை நடத்திவைத்த அருமைக்காரர். பட்டுச் சட்டையெல்லாம் கொம்பின் பால் வடிய, அசையாமல் நின்றீர்கள். கல்யாண ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் உங்கள் தலை.

பந்தியில் வந்து, "புடிச்சுட்டனில்லீங்க மாப்ள?" என்றீர்கள்.

"நீ மண்ணை உட்டிருந்தா புடிச்சிருக்கவே வேண்டாம்" என்றேன். உங்களை 'நீ' என்றது ஆயுளில் அந்த ஒரு தடவைதான். அதன் பிறகு நாம் பேசவில்லை. பேக்கரியில் எதிர்ப்பட்டால் நான் வானத்தைப் பார்த்தேன். நீங்கள் பன்னைப் பார்த்தீர்கள். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

நீங்கள் போய் வருசம் திரும்புவதற்குள் உங்கள் மகளுக்கு முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்ல, இன்று அதே கூடத்தில் கல்யாணம். இப்போதைய மோஸ்தர் எவர்சில்வர் ஸ்டேண்டு. கொம்பைச் செருகித் திருகினால் போதுமாம். "ஆடாதுங்க மாமா" என்றார்கள். ஆடியது. தாலி எடுத்ததும் நான் மேடையேறி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"பெரியவரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோவுல தலை விழுகுது" என்றான் போட்டோக்காரன்.

"விழுகட்டும். நீ எடு கண்ணு."

மண்ணை மூடியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மச்சான். ஆனால் சீர் முடியும் மட்டும் கையை எடுக்கவில்லை.