வெர்னனின் முறை

நவம்பர் 6, புதன்

நான் ஓட்டும் பள்ளிப் பேருந்துக் கிடங்கில் காப்பீட்டுத் தாள்கள் கொடுத்துவிட்டார்கள். 15ஆம் தேதிக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டியதுதான். கண்ணுக்கு இரண்டு திட்டம். சின்னதில் வருஷத்துக்கு ஒரு பரிசோதனை மட்டும். பெரியதில் கண்ணாடியும் உண்டு. கண்ணில் நோய் என்றால் இரண்டுமே கைவிரித்துவிடும். அது மருத்துவக் காப்பீட்டின் பாடு.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் வெர்னனின் வேலை. இருபத்திரண்டு நவம்பர்! சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பி, பாதிரியார் குரலில் வாசிப்பான். கடைசியில் தீர்ப்பு: "வீட்டுக்கு வருஷம் ஒரு கண்ணாடிதான். இந்தத் தடவை உன் முறை, ஆர்லிஸ்." அடுத்த வருஷம் அவன் முறை. எங்கள் போட்டோக்களில் யாராவது ஒருவர் கண்ணாடி எப்போதும் பழசு.

இந்த வருஷம் என் முறை. மார்ச்சில் அவன் இறந்துவிட்டான். நான் கண் டாக்டர் பக்கமே போகவில்லை. வரப்போவது அவன் முறை. அதை எப்படி எடுப்பது?

நவம்பர் 8, வெள்ளி

ஏரியிலிருந்து மூடுபனி. டுலூத் நகரின் மேட்டுத் தெருவில் பெயர்ப்பலகை தெரியவில்லை. பின்னால் நாற்பது பிள்ளைகள். பிப்ரவரியில் ஓட்டுநர் உரிமத்துக்குக் கண் சோதனை. தேறாவிட்டால் வண்டி கிடையாது. பயமாக இருக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கென்ட்ரா என்ற பெண் எடுத்தாள்.

"என் வீட்டுக்காரர் முறையை நான் எடுத்துக்கலாமா?"

"முறையா? என்ன முறைங்க?"

விளக்கினேன். "மேடம், கண்ணாடி ஆளுக்கு ஒண்ணு. முதல்லேர்ந்தே அப்படித்தான். ரெண்டு பேருமே வருஷா வருஷம் வாங்கியிருக்கலாமே."

அட மடையா! அவ்வளவு நீட்டி முழக்கி வாசிச்சியே, என்னத்தடா வாசிச்சே? சிரித்தேன். அப்புறம் அழுகை நிற்கவில்லை.

என் கண்ணாடி பழசாகும் வருஷங்களில், ஏரிக்கரை உணவகத்தில் சாப்பாட்டு அட்டையை அவன்தான் எனக்கு வாசிப்பான். வேண்டுமென்றே தப்பாக. "ஈரல் ஐஸ்கிரீம் போட்டிருக்கான், சொல்லட்டுமா?" மறு வருஷம் நான் அவனுக்கு.

நவம்பர் 15, வெள்ளி

பெரிய திட்டம். 'ஊழியரும் துணையும்' கட்டத்தைத் தாண்டி 'ஊழியர் மட்டும்' என்பதில் குறி போட்டேன்.

ஜனவரி 6, திங்கள்

பரிசோதனை. "பவர் நிறையக் கூடியிருக்கு, வேற கோளாறு இல்லை. கண்ணாடி போட்டா தாராளமா ஓட்டலாம்" என்றார் டாக்டர். அப்பாடா.

ஜனவரி 18, சனி

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. வெர்னனின் மேசை இழுப்பறையில் முதல் வருஷத் தாள் இருந்தது. பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிகிறது. 'ஒவ்வொரு உறுப்பினருக்கும்' என்ற இடத்தில், அவனுடைய தச்சுப் பென்சிலால் தடிமனாக இரண்டு கோடு.

தெரிந்திருக்கிறது. முதல் வருஷத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. திருட்டுப் பயல், சாப்பாட்டு அட்டை வாசிக்கத்தான் இத்தனையும்.

மத்தியானம் ஏரிக்கரை உணவகத்துக்குத் தனியாகப் போனேன். அட்டையை எடுத்து மேலிருந்து கீழ்வரை வாய்விட்டு வாசித்தேன். பரிமாறும் பெண் வந்து நின்றாள்.

"ஈரல் ஐஸ்கிரீம் இருக்காம்மா?"

அவள் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.