ஆணி அடிக்கக் கூடாத வீடு

என் அன்பு அம்மாவுக்கு,

மாமியார் என்று எழுதினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள். அதனால் அம்மா என்றே எழுதுகிறேன், எப்போதும் கூப்பிட்டது போல. நீங்கள் இருந்தபோது ஒரு வரி எழுதியதில்லை. ஒரே சமையலறையில் நின்றுகொண்டு யாருக்கு யார் கடிதம் எழுதுவது? இப்போது எழுத ஒரு காரணம் வாய்த்திருக்கிறது. நல்ல காரணம்தான், பயப்படாதீர்கள்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இத்தனை காலம் குடும்பம் நடத்திய அந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டோம். வீட்டுச் சொந்தக்காரர் அதை வெள்ளைக்காரர்கள் தங்கும் ஹோம் ஸ்டே ஆக்கப் போகிறாராம். பாவம், உங்கள் முதல் திவசம் முடியும் வரை வாயைத் திறக்காமல் இருந்தார். இப்போது மட்டாஞ்சேரியிலேயே, பஜாருக்குப் பின்னால், ஒரு மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கிறோம். கீழே சுக்கு குடோன். ஜன்னலைத் திறந்தால் ஜலதோஷம் தானாகவே போய்விடும்.

வீடு மாறியதில் எனக்கும் உங்கள் பிள்ளைக்கும் பெரிய குறை இல்லை. அப்பாதான் ஒடிந்து போனார். உங்களையும் இழந்து, நீங்கள் நடமாடிய இடத்தையும் இழந்து, இங்கே ஹாலில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒருநாள் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றுகொண்டு, "கொஞ்சம் ஜலம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டார், அம்மா! உங்கள் வீட்டுக்காரர், என்னிடம்! நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

அதற்கடுத்த வாரம் உங்கள் பிள்ளையிடம் மெல்ல ஆரம்பித்தார். "பாலக்காட்டுல வயசானவாளுக்குன்னு ஒரு எடம் இருக்காம்டா. நன்னா பாத்துக்கறாளாம். நான் அங்க போயிடறேன். உங்களுக்கும் செரமம் இல்லே." அவராகவே போன் போட்டுப் பேசியும் வைத்துவிட்டார். ஓர் அறை காலியாகப் போகிறது, மாதக் கடைசியில் கூப்பிட்டு முடிவு கேட்கிறோம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். உங்கள் பிள்ளையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. வல்லார்பாடம் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் கண்டெய்னர் இறக்குகிற மனுஷனுக்கு, "போகாதேங்கோப்பா" என்ற ஒரு வார்த்தை வாயிலிருந்து இறங்காது. இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

எனக்கும் பேசி மடக்கத் தெரியாது. இதை முதலில் ஒரு வீடாக்கிப் பார்ப்போம், மனசு மாறினாலும் மாறும் என்று இறங்கினேன்.

வீட்டுக்காரச் சேச்சி சாவியைக் கையில் கொடுக்கும்போதே ஒரு கட்டளையும் போட்டிருந்தார். "எல்லாம் செய்தோளூ மோளே. சுவரில் ஆணி மாத்திரம் அடிக்கருது, கேட்டோ!" என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஆணி மட்டும் அடிக்கக் கூடாதாம். நீங்கள் இருந்திருந்தால் அங்கேயே சண்டை வந்திருக்கும். சுவரில் ஒரு சாண் வெறுமையாகத் தெரிந்தால் உங்களுக்குத் தூக்கம் வராதே! காலண்டருக்குப் பக்கத்தில் காலண்டர் மாட்டுவீர்கள். ஷோகேஸில் குருவாயூர் யானை, விளக்கெரியும் தாஜ்மகால், தலையாட்டும் செட்டியார், பிளாஸ்டிக் கிளி எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். நான் இரண்டு பொம்மையை எடுத்து உள்ளே வைத்தால், "என்னடி இது, ஆஸ்பத்திரி மாதிரி?" என்பீர்கள். இந்த விஷயத்தில் நாம் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

இப்போது தடுக்க ஆளில்லாமல் என் இஷ்டப்படி செய்தேன். கையில் அதிகம் இல்லை, அட்வான்ஸே கழுத்தை நெரித்துவிட்டது. கண்ணைக் குத்தும் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மூலையில் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு. எர்ணாகுளம் மார்க்கெட்டில் துண்டுத் துணியாகக் கிடைத்த, வெளுக்காத பருத்தியில் ஜன்னல் திரை; நானே தைத்தேன், ஓரம் கொஞ்சம் கோணல். பழைய கட்டில் பலகையைச் செங்கல் மேல் வைத்து நீளமாக ஒரு மேடை. குடோனில் கேட்டு வாங்கிய சணல் சாக்கைத் துவைத்து, மடித்துத் தைத்து, தரைக்கு விரிப்பு. அதில் கால் வைத்ததும் அப்பா வரிசையாகத் தும்மினார். அந்த ஹாலில் அவர் போட்ட முதல் சத்தம் அதுதான்.

அழகாகத்தான் இருந்தது, அம்மா. உங்கள் பிள்ளைகூட, "பரவால்லியே" என்றார். ஆனால் அப்பா விருந்தாளியாகவே இருந்தார். காப்பி வேண்டுமா என்றால், "செரமம் இல்லேன்னா" என்றார். மாதக் கடைசி நெருங்க நெருங்க, போன் அடித்தாலே பாலக்காடோ என்று ஓடினேன்.

மிச்சம் இருந்தது உங்கள் படம். ஆணி கிடையாதே, எங்கே மாட்டுவது? பலகை மேடையில் சுவரோடு சாய்த்து வைத்தேன். சந்தன மாலை, சீரியல் பல்பு எல்லாம் வேண்டாம், பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் நாலு பூ போதும் என்று தோன்றியது. யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையில், வாசலோரம் ஒதுக்கிப் போட்டிருந்த குவியலில் ஒரு பித்தளைச் சாமான் கண்ணில் பட்டது. விரிந்த வாய், ஒடுங்கின கழுத்து, இடுப்பில் சின்ன நசுங்கல். "ஃபிளவர் வேஸா சேச்சி. ஹோட்டல்காரெல்லாம் வாங்கிக்கொண்டு போகும்" என்றான் கடைக்காரன். நசுங்கலைக் காட்டிக் காட்டிப் பேரம் பேசி வாங்கிவிட்டேன். புளி போட்டுத் தேய்த்ததும் தங்கமாய் மின்னியது. கீழே காம்பவுண்டில் பறித்த நந்தியாவட்டையை அதில் நிறுத்தி, சரியாக உங்கள் முகத்துக்கு நேரே வைத்தேன்.

காலை நடை முடிந்து அப்பா வந்தார். படத்தைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. ஐயோ, பெரியவரை அழ வைத்துவிட்டேனே என்று ஓடினேன்.

அவர் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார்! பேச்சு வராமல், ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய.

"இது கோளாம்பியாக்கும், கொழந்தே! வெத்தலை போட்டுத் துப்பற பாத்திரம்! கொண்டு வந்து அவ மொகத்துக்கு நேரா வச்சிருக்கியே!"

கோயம்புத்தூரில் வெற்றிலை வாசனையே இல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். எனக்கு என்ன தெரியும்? பதறிப்போய் எடுக்கப் போனேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று தடுத்தார். "இவ என்ன பண்ணினா தெரியுமோ? கல்யாணம் ஆன மறுவாரம், எங்கப்பாவோட கோளாம்பியைத் தூக்கிக் கெணத்துல போட்டா. வெத்தலையும் நானும் வேணுமா, நான் மட்டும் போறுமான்னு கேட்டா. அன்னிக்கு விட்டதாக்கும் நான் வெத்தலையை."

இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே, அம்மா! கிணற்றிலா போட்டீர்கள்? அப்புறம் உங்கள் மாமனார் என்ன சொன்னார்?

அன்று மத்தியானம் வரை உங்களைப் பற்றித்தான் பேச்சு. நீங்கள் போனதிலிருந்து உங்கள் பெயரையே எடுக்காத மனுஷர், விடாமல் பேசினார். நடுவில் தானாக எழுந்துபோய், ஃபிரிட்ஜைத் திறந்து, குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று குடித்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூவை ஒரு கண்ணாடி டம்ளருக்கு மாற்றிவிட்டேன், கவலைப்படாதீர்கள். கோளாம்பி பால்கனியில் ஒரு செடியைச் சுமக்கிறது.

இன்று காலை பாலக்காட்டிலிருந்து போன் வந்தது. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் அடுப்படியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அறை தயார், எப்போது வருகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள்.

"இல்லேம்மா, நான் வரலை. வேற யாருக்காவது கொடுத்துடுங்கோ" என்றார் அப்பா. "எங்காத்து மாட்டுப்பொண்ணுக்கு எதுல எதை வைக்கறதுன்னு தெரியாது. கிட்டக்க இருந்து பாத்துக்க ஒரு ஆள் வேண்டாமா?"

அப்பாடா! அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் பார்க்கவில்லை.

இதுவும் வாடகை வீடுதான். நாளைக்கே காலி பண்ணச் சொன்னாலும் சொல்வார்கள். எங்கே மாறினாலும் அப்பா எங்களோடுதான் வருவார், எங்களோடுதான் இருப்பார். ஒருநாளும் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்கும்படி அவரை இனி விடமாட்டேன். உங்கள் மேல் சத்தியம்.

அப்பாவுக்கு இரண்டாவது காப்பி போட எழுந்து போகும்,
உங்கள் மாட்டுப்பெண்