தனி கார்டு வேண்டாம் என்றதில் தப்பில்லை

அன்புள்ள அம்மணிக்கு,

விசாகப்பட்டினத்தில் நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

புதுக் கம்ப்யூட்டர் காட்டூர் வீட்டுக்கு வந்துவிட்டதாக நம் பையன் பிரதீப் சொன்னான். “தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம எதுக்குப்பா?” என்று என்னிடமே கேட்கிறான். பழைய பெட்டியில் அந்தக் கார்டு சூடாகி ஃபேன் அலறியபோது, ஆன்லைனில் உன்னிடம் பாட்டுப் படிக்கிற பிள்ளைகள் “டீச்சர், மிக்ஸி ஓடுதா?” என்று கேட்டது அவனுக்கு மறந்துவிட்டது. தனி கார்டு விளையாட்டுக்கும் வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும்தான். பாட்டு வகுப்புக்கும் நாம் பேசுவதற்கும் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே தாராளம். சூடு இல்லையென்றால் ஃபேன் ஏன் கத்தப்போகிறது? மோட்டாரைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவன் நான். ஆனாலும் நம் வீட்டில் என் பேச்சு எடுபடாது.

நீ மட்டும் கடையில், “அவர் சொன்னதையே போடுங்க” என்று ஒற்றைக் காலில் நின்றாயாம். அதற்கு உனக்கு நன்றி.

போன வாரம் ஆலையில் எல்லோருக்கும் காது பார்த்தார்கள். எனக்கு இடது காது கொஞ்சம் மந்தமாம். பயப்பட ஒன்றுமில்லை. நேற்று புதுக் கம்ப்யூட்டரில் நீ பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டது. பின்னால் தஞ்சாவூர் ரோட்டு பஸ் ஹாரன்கூடக் கேட்டது.

நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. இனிமேல் பேசி முடித்ததும் கட் பண்ணிவிடாதே. அடுப்படியில் உன் வேலையைப் பார்த்துக்கொண்டிரு, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஷிப்டு வண்டி வந்துவிட்டது.

மாத்ருபூதம்