உன் பங்கு வல்லாரை

குனுங்கிடுல்,
ஆகஸ்ட் 9.

அன்புள்ள வினார்னி அக்காவுக்கு, தங்கை ரத்மி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். கடல் தாண்டித் தைச்சுங் நகரில் நீயும், நீ வேலைக்கிருந்து பார்த்துக்கொள்ளும் அந்த வீட்டுப் பாட்டியம்மாவும் நலமாக இருக்க வேண்டும். இங்கே மழை இல்லை. மரவள்ளி மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது.

நீ அனுப்பும் கிங்கோ இலை மாத்திரை அப்பாவின் மறதிக்குக் கேட்கிறதா, இன்னும் அனுப்பட்டுமா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறாய். எங்கள் சுகாதார நிலையத்தில் நடக்கும் வல்லாரை ஆய்வு முடியட்டும், இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன் என்று நானும் இழுத்தடித்தேன். போன வாரம் அந்த ஆய்வே கவிழ்ந்துவிட்டது. கவிழ்த்தவர்களில் நம் அப்பாவும் ஒருவர். கொஞ்சம் பழி உனக்கும் உண்டு, சிரிக்காதே.

நம் ஊரில் நாற்பது முதியவர்களைச் சேர்த்திருந்தோம். இருபது பேருக்கு வல்லாரை, இருபது பேருக்கு வெறும் அரிசி மாவு. எல்லாம் ஒரே பச்சை மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, நர்ஸான எனக்கும் தெரியாது. இதை வீடு வீடாகப் போய் விளக்கிக் கையெழுத்து வாங்கியவளே நான்தான். மறதி முற்றியவர்களைச் சேர்க்கக் கூடாது என்பதால் அப்பாவை விட்டுவிட்டோம்.

மாதக் கடைசியில் மிச்ச மாத்திரைகளை எண்ணுவது என் வேலை. துமிரா அத்தையின் புட்டியைக் கவிழ்த்தால், பச்சைக்கு நடுவே மஞ்சளாக ஒன்று. உன் கிங்கோ!

அத்தை துளியும் கூசவில்லை. “பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவுன்னு நீதானேடி சொன்னே? பக்கத்து வீட்டுக்காரன் மாவைத் தின்னுட்டு இருக்க, நான் மட்டும் மருந்து தின்னா தொண்டையில இறங்குமா?” என்று என்னையே மடக்கினார். வியாழன் மாலை ஸ்லாமெத்தான் வேண்டுதல் விருந்துக்குக் கூடிச் சோறு பங்கு போடும்போது, நாற்பது பேர் மாத்திரையையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து, ஆளுக்குச் சமமாக எடுத்துப் போயிருக்கிறார்கள். முதல் மாதத்திலிருந்தே! அங்கே வெறுங்கையோடு போகக் கூடாதென்று அப்பா உன் மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்.

நகரத்திலிருந்து வந்த மருத்துவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அழுகைதான் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அழுகை போய் மலைப்பு வந்தது. நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட, தனக்கு மட்டும் நல்லது கிடைக்கட்டும் என்று தோன்றவில்லையே அக்கா!

உன் கேள்விக்கு அந்த மருத்துவரே பதில் சொன்னார். வல்லாரைக்கு இதுவரை நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள்தானாம். ஒன்று கொஞ்சம் பலன் உண்டு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. கிங்கோவை அமெரிக்காவில் மூவாயிரம் முதியவர்களிடம் ஆறு வருஷம் போலச் சோதித்தார்களாம். மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை, வயதோடு மறதி கூடுவதையும் குறைக்கவில்லை. அந்த மூவாயிரம் பேரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். தினம் இரண்டு வேளை, மருந்தா வெறும் மாத்திரையா என்று தெரியாமலே விழுங்கியிருக்கிறார்கள். யாரென்றே தெரியாத நமக்கு ஓர் ‘இல்லை’ கிடைப்பதற்காக. துமிரா அத்தை அவர்களுக்குச் சொந்தம் போலத்தான் இருக்கிறார்.

அதனால் இனி மாத்திரை அனுப்பாதே.

இன்னொன்று. எல்லாருடைய மாத்திரைகளையும் திரும்ப வாங்கியபோது அப்பாவின் அலமாரியில் ஒரு தீப்பெட்டி கிடைத்தது. உள்ளே பதினாறு பச்சை மாத்திரைகள். விருந்துக்கு வராதவர்களுக்கும் பங்கு எடுத்துவைப்பது நம் வழக்கம்தானே? யாருக்கு என்று கேட்டேன். அன்று அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “என் மூத்த பொண்ணு வினார்னிக்கும்மா. அவ போய் ஆறு வருஷமாச்சு. எங்கள மறந்துட்டான்னா என்ன பண்றது?” என்றார்.

விதிப்படி அவற்றையும் எண்ணி ஒப்படைத்திருக்க வேண்டும். நான் ஒப்படைக்கவில்லை. தபாலிலும் அனுப்ப மாட்டேன். தீப்பெட்டி அலமாரியிலேயே இருக்கிறது. உன் பங்கை நீயே வந்து அவர் கையால் வாங்கிக்கொள்.

அப்பாவின் ஆசியோடு,
உன் தங்கை
ரத்மி