பெயர் சொல்லாத பெரியவர்

ஜூலை 5, சனி

நான் பொறுப்பாக இருக்கும் முதியோர் பகல் இல்லத்தில் இன்றும் மதியச் சாப்பாடு தாமதம். குக்கர் காஸ்கட் போய்விட்டது. சமையல் செய்யும் செல்வலட்சுமி சோற்றை வடித்தே போட்டாள். பெரியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, பாவம். சாயங்காலம் வேன் அவர்களை வீடுகளில் விட்டுவிட்டு வந்த பிறகு, நாளைக்கு ஆராதனை முடிந்ததும் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டிய அரிசிப் பைகளைக் கட்டினோம். இந்த மாதம் புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாம் கான்ட்ராக்ட் முடிந்து கம்பெனி வெளியே அனுப்பியவர்கள். சபைச் செயலர் செந்தமிழன் சார் ஒவ்வொரு பையையும் தூக்கிப் பார்த்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை.

இடுப்பு வலி. தூங்க வேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் கேட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்த வேட்டி, சட்டை. மடியில் ஒரு துணிப்பை. யாருக்காகவோ காத்திருக்கிறார் என்று நினைத்தேன். அரிசிப் பைகளையும் கொடுத்து முடித்தோம். அப்போதும் அதே இடத்தில்.

பெயர் கேட்டேன். சிரித்தார். யார் கூட்டி வந்தது என்றேன். “தெரியலம்மா.” எந்த ஊர்? “தெக்க.” அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பையில் இரண்டு வேட்டி, துண்டு, மாத்திரை, ஒரு பொட்டலம் முறுக்கு.

செல்வலட்சுமி சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “வேணும்னே வுட்டுட்டு பூட்டாங்க மெர்சிக்கா. ஆனா பாரு, தலைக்கு எண்ண தேச்சி, நகம் வெட்டி இட்டாந்துகீறாங்க.”

அதுதான் எனக்கும் உறுத்துகிறது.

எங்களுடையது பகல் இல்லம். ராத்திரி யாரையும் தங்க வைக்க அனுமதி கிடையாது. ஆயர் ஐயாதான், ஆள் தெரியும்வரை கோயிலுக்குப் பின்னாலிருக்கும் அறையில் இருக்கட்டும், வாட்ச்மேன் துணைக்குப் படுத்துக்கொள்ளட்டும் என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

செந்தமிழன் சாரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். எஸ்.ஐ. அம்மா நேரில் வந்து பெரியவரைப் படம் எடுத்துக்கொண்டார். எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்புவார்களாம். யாரும் வராவிட்டால் அடுத்த வாரம் செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களாம்.

திரும்பும்போது சார், விட்டுப் போனவர்கள் மீது புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்றார். “இவங்கள சும்மா விட்டோம்னா, நாளைக்கு நம்ம கேட்டுல வரிசையா உக்கார வெச்சிட்டுப் போவாங்க, மெர்சி. அப்ப நாம என்ன பண்ணுவோம்?”

அவர் சொல்வது தப்பில்லை. இருக்கிற பெரியவர்களுக்குச் சோறு போடவே ஒவ்வொரு மாதமும் ஒவ்வொருவரிடம் போய் நிற்கிறோம்.

ஜூலை 9, புதன்

நாங்கள் ஜெபிக்கும்போது அவரும் கண்ணை மூடுகிறார். உதடு அசைகிறது. யாரிடம் என்ன கேட்கிறாரோ.

ஜூலை 11, வெள்ளி

எழுதினால் மனசு அடங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அரிசி வாங்க வராத ஒரு குடும்பம் சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறது. பேச்சிராஜ், அவன் மனைவி முத்துச்செல்வி. சங்கரன்கோவில் பக்கத்து ஆட்கள். அவனை ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், குடோனில் மூட்டை தூக்குகிறான். அவள் இங்கே பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஒரு கேன்டீனில் வேலை பார்க்கிறாள். பையை நானே கொண்டுபோனேன். வரிசையாக ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்கும் ஒரே குழாய். அறைக்குள் பேச்சிராஜ் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

முத்துச்செல்வி பையை வாங்கிக்கொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. நான் செருப்பு மாட்டும்போது கேட்டாள்: “அக்கா, ராத்திரிக்குப் பால் குடுப்பீயளா அங்க?”

பகல் இல்லத்தில் ராத்திரி யாரும் இருக்க மாட்டார்களே என்றேன்.

“இல்ல, சீனி தூக்கலாப் போட்டாத்தான் குடிப்பாவ...”

நிறுத்திவிட்டாள். கேட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவரையா சொல்கிறாய் என்றேன். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

பெருமாள்சாமி என்று பெயர். பேச்சிராஜின் அப்பா. மாமியார் செத்துப்போன பிறகு ஊரிலிருந்து கூட்டிவந்திருக்கிறார்கள். நாலு மாதமாக மறதி. பக்கத்து அறைகளுக்குள் நுழைகிறார், குழாயைத் திறந்துவிட்டுவிடுகிறார். வீட்டுக்காரம்மா, ஒன்று அவரை அனுப்பு, இல்லை காலி பண்ணு என்றிருக்கிறார். இருவரும் வேலைக்குப் போகும்போது உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருநாள் வந்து கதவைத் திறந்தால் அறை முழுக்க கேஸ் வாடை. அடுப்பைத் திருகிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“கோயிலுக்குப் போவோம் மாமான்னேன். நல்ல சட்டைய எடுத்து அவுகளே போட்டுக்கிட்டாவ” என்றாள். பேச்சிராஜ் கடைசிவரை திரும்பவில்லை. தூங்கவில்லை என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புகார், போலீஸ், இருக்கிற வேலையும் போகும். சொல்லாவிட்டால் அந்த மனுஷன் முன்பின் தெரியாத ஊரில்...

ஆண்டவரே, இதை ஏன் என் காதில் போட்டீர்?

ஜூலை 12, சனி

“ஏதாவது தெரிஞ்சுதா?” என்று சார் கேட்டார். “இல்ல சார்” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

மகள் பிரவீனாவிடம் மட்டும் சொன்னேன். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவைத்தாள். “தெரிஞ்சிகினே மறைச்சேன்னு வெளிய வந்தா உன்னையும் சேத்துதாம்மா கேப்பாங்க. உன் வேலைக்கு யாரு கேரண்டி?” என்றாள். நான் தட்டைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினேன்.

ஜூலை 14, திங்கள்

மற்றவர்கள் டீ குடிக்கப் போனபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “பெருமாள்சாமி ஐயா” என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

என்னைப் பார்க்கவில்லை. வேறு யார் காதிலாவது விழுந்ததா என்றுதான் சுற்றிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

“அந்தப் புள்ளையள ஒண்ணுஞ் சொல்லிராத தாயி. நாந்தான் கொண்டு விடச் சொன்னேன்.”

பொய். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். எங்கே வேண்டுமானாலும் அனுப்பு, மகன் பெயர் மட்டும் எழுத்தில் ஏற வேண்டாம் என்றார். அப்படியானால் இத்தனை நாளும் மறந்துபோனவர்போல உட்கார்ந்திருந்ததெல்லாம்?

ஆனால் மத்தியானம் அதே மனுஷன் என்னிடம் வந்து, தன் மனைவி காட்டிலிருந்து இன்னும் வரவில்லையா, வெயில் ஏறிவிட்டதே என்று கேட்டார். நடிப்பு இல்லை. கண்ணில் கவலை இருந்தது. அவருக்கு எது நினைவிருக்கிறது, எதை மறைக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

ஸ்டேஷனிலிருந்து போன். வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது.

முத்துச்செல்வியைக் கூப்பிட்டேன். அதற்குள் நீங்களே வந்து சொல்லிவிடுங்கள், நான் கூட நிற்கிறேன் என்றேன். “அவுகளப் புடிச்சு உள்ள போட்டுருவாவக்கா” என்றாள். போன் கட்டாகிவிட்டது. பிறகு எத்தனை தடவை அடித்தும் எடுக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆயர் ஐயா ஊரில் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

நாளைக்கு நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வண்டி போய்விடும். யாருக்கும் ஒன்றும் ஆகாது — அவர் ஒருவரைத் தவிர. அவரும் அதைத்தானே கேட்கிறார்? அவர் கேட்டதைச் செய்தால் அது உதவியா? இல்லை, என் தலை தப்பினால் போதும் என்பதா?

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். வாயில் பெரியவர் பெயர்தான் வந்தது.

ஜூலை 18, வெள்ளி

காலையிலேயே வண்டி வந்துவிட்டது. எஸ்.ஐ. அம்மா, அந்த இல்லத்திலிருந்து ஒருவர், டிரைவர். செந்தமிழன் சார் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். செல்வலட்சுமி இட்லி கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெரியவர் சட்டை போட்டு, பையோடு தயாராக நின்றார்.

அப்போது முத்துச்செல்வி வந்தாள். கேன்டீன் யூனிபார்ம், தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நேராக எஸ்.ஐ. அம்மா முன்னால் போய் நின்றாள்.

“இவுக எங்க மாமனாரு. நாங்கதான் விட்டுட்டுப் போனோம்.”

எஸ்.ஐ. அம்மா பெரியவர் பக்கம் திரும்பி, இவள் உங்கள் மருமகளா என்று கேட்டார். பெரியவர் அவளை நன்றாகப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“இல்ல. யாரு பெத்த புள்ளையோ. எனக்குத் தெரியாது.”

அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. முத்துச்செல்வி, மாமா, மாமா என்றாள். அவர் முகத்தை வண்டி பக்கம் திருப்பிக்கொண்டு, போவமாய்யா என்று டிரைவரைக் கேட்டார்.

ஆதார், ரேஷன் கார்டு ஏதாவது இருக்கிறதா என்று எஸ்.ஐ. அம்மா கேட்டார். அவள் கையில் ஒன்றும் இல்லை, கேன்டீனிலிருந்து பாதி வேலையில் எழுந்து வந்தவள். அவரே தெரியாது என்கிறபோது யாரோ ஒருத்தியோடு எப்படி அனுப்புவது என்றார் எஸ்.ஐ. அம்மா. நியாயம்தான். பெரியவர் ஒரு காலை வண்டிப் படியில் வைத்துவிட்டார்.

நான் பேசினேன். என் குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது.

“அவ மருமகதான் மேடம். எனக்குத் தெரியும். ஒரு வாரமா தெரியும்.”

செந்தமிழன் சார் பேனாவை மூடினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பெரியவர் படியிலிருந்து காலை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் தாயி சொன்ன?”



எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம், பேச்சிராஜ் ஆதாரோடு அங்கே வந்தான். எஸ்.ஐ. அம்மா இருவரையும் கேட்ட கேள்வியில் அவன் தலை நிமிரவே இல்லை. புகார் எழுத வேண்டும் என்று சார் பிடிவாதமாக நின்றார். எஸ்.ஐ. அம்மா பெரியவரிடம், மகன் மேல் புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்.

“யாரு மேல?” என்றார் அவர். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்.

கடைசியில் இனி இப்படிச் செய்யமாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் முத்துச்செல்வி அவர் கையைப் பிடித்தாள். விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் ரோட்டுக்கு வரும்வரை அவளைத் தெரியாதவர்போலவேதான் நடந்தார்.

ஜூலை 20, ஞாயிறு

கமிட்டி கூடியது. என்னை வெளியே உட்காரவைத்துப் பேசினார்கள். முடிவு எடுக்கும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சார் மட்டும் வெளியே வந்து, “நீ செஞ்சது இரக்கம்தான் மெர்சி. எங்கிட்ட பொய் சொன்னதுதான் தாங்கல” என்றார்.

வீடுவரை அழுதுகொண்டே வந்தேன்.

ஜூலை 23, புதன்

சும்மா இருக்க முடியவில்லை. சுங்குவார்சத்திரம் போய் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. அந்த கேஸ் விஷயத்தில் மிரண்டுபோயிருக்கிறார். “பசங்க இருக்கற இடம்மா. நாளைக்கு எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றார். பகலில் பெரியவர் இங்கே இருக்கமாட்டார் என்றால் சம்மதமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சரி, பார்க்கலாம் என்றார்.

முத்துச்செல்வியின் கேன்டீன் வேன் எங்கள் பகல் இல்லத்தைத் தாண்டித்தான் போகிறது. காலையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டிப்போகலாம். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று அவளைக் கேட்டேன். நாங்கள் வேதக்காரங்க, கிறிஸ்தவங்க இல்லையே, அரிசி கொடுப்பீர்கள், ஆளையும் சேர்ப்பீர்களா என்று எப்படிக் கேட்பது என்றிருந்தோம் என்றாள்.

யாராக இருந்தாலும் சேர்ப்போம் என்று நாங்கள் யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு மாதமும் பை கொடுத்தோம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதில்லை.

ஆயர் ஐயாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். கமிட்டியில் வைக்கிறேன் என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

திரும்ப வேலைக்கு வந்துவிட்டேன். பொறுப்பு இப்போது வேறொருவரிடம். நான் பெரியவர்களைக் குளிப்பாட்ட, சாப்பாடு போட. பரவாயில்லை.

பெருமாள்சாமி ஐயாவும் இன்றிலிருந்து வருகிறார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் மறக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று என்னிடம், நீ யாரு தாயி, புதுசா என்று கேட்டார்.

செப்டம்பர் 12, வெள்ளி

முத்துச்செல்விக்கு ஓவர்டைம். பேச்சிராஜ் வந்தான். இதுவரை சில நாள் வந்திருக்கிறான், ஆனால் எதிர்ப்பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே நிற்பான். நான்தான் பெரியவரைக் கொண்டுபோய் விடுவேன். இன்று உள்ளே வந்தான். வராந்தாவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த செந்தமிழன் சார் எழுந்து ஒரு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

பெரியவர் அவனை நிமிர்ந்து பார்த்து, யாரு என்று கேட்டார்.

“நாந்தாம்ப்பா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “போலீசெல்லாம் இல்லப்பா. என்னையத் தெரியும்னு சொல்லலாம்” என்றான்.

பெரியவர் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகச் சிரித்தார். பேச்சிராஜ் என்னைப் பார்த்தான். நடிப்பு இல்லை என்று நான் தலையசைத்தேன்.

அவன் தரையில் குந்தி, அப்பாவின் செருப்பை எடுத்து ஒவ்வொரு காலாக மாட்டிவிட்டான்.

“உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்” என்றான்.

“அப்படியா” என்று பெரியவர் கையை நீட்டினார். வண்டியில் ஏறி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். கம்பெனி பஸ்கள் போகிற நேரம். மெயின் ரோடு ஏறும்வரை பேச்சிராஜ் ஒரு கையால் அப்பாவின் கையை அழுத்திப் பிடித்தபடியே மெதுவாக ஓட்டிப் போனான்.