வயிற்றுவலி மருந்து

அம்பத்தூர்
7-2-1937

என்னை உடையவருக்கு, சாமுண்டீஸ்வரி கும்பிட்டு எழுதிக்கொண்டது.

வசந்தாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

ஐப்பசியில் நீங்கள் கப்பலேறும்போது என் மார்பில் புளியங்கொட்டை போலிருந்த கட்டி இப்போது எலுமிச்சங்காய் அளவாகிவிட்டது. உங்கள் தம்பி பரந்தாமன் மாசாமாசம் சீசாவை எடுத்துக்கொண்டு கடைத்தெரு டாக்டரிடம் போகிறார். என் உடம்பைச் சொல்லி மருந்து வாங்கி வருகிறார். நாலு சீசா குடித்தாயிற்று. பசி எடுக்கிறதே தவிர கட்டி கரையவில்லை. ஒரு தடவை என்னையே கூட்டிப் போகச் சொன்னால் தலையைச் சொறிகிறார். அவருக்கு ஒரு வரி எழுதுங்களேன்.

தங்கள்
சாமு

ரங்கூன்
26-2-1937

சௌபாக்கியவதி சாமுவுக்கு ஆசீர்வாதம்.

மர டிப்போவில் வேலை தலைக்குமேல் கிடக்கிறது. மருந்து மெதுவாகத்தான் கேட்கும். டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா? கொடுத்ததைக் குடித்துவிட்டுப் பேசாமல் இரு. குடும்பத்துப் பெண் அதையெல்லாம் ஆம்பளை டாக்டரிடம் காட்டிக்கொண்டு நிற்பாளா? ஆடியில் லீவு கேட்டிருக்கிறேன். வந்து பார்த்துக்கொள்ளலாம். குழந்தைக்குப் பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறேன்.

கோதண்டம்

அம்பத்தூர்
20-3-1937

என்னை உடையவருக்கு,

திட்டினாலும் திட்டுங்கள். மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பொறுக்க முடியாமல் வசந்தாவைக் கையில் பிடித்துக்கொண்டு நானே டாக்டரிடம் போனேன்.

"வயித்து வலி எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"வயித்து வலியா? யாருக்கு?" என்றேன். நோட்டைப் புரட்டிக் காட்டினார். ஐந்து மாசமும் வயிற்று வலி, பசியின்மை என்றுதான் எழுதியிருக்கிறது. அப்புறம் கட்டியைச் சொன்னேன். மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பட்டணத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்.

உங்கள் தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "நான் இன்னா பண்ணுவேன் அண்ணி? அண்ணாத்தேதான் அப்படிச் சொல்லச் சொல்லிச்சு" என்று அழுகிறார்.

ஐயோ, நிஜமா? நீங்களா?

சாமு

ரங்கூன்
5-4-1937

சாமு,

ஆமாம், நான்தான். எந்த மருந்தும் உடம்புக்குள்தானே போகிறது, வயிறு என்றே சொல்லு என்று அவனிடம் சொன்னேன். என் பெண்சாதியின் மார்பைப் பற்றி என் தம்பி எந்த வாயால் பேசுவான்? கடைத்தெருவில் நாலு பேர் காதில் விழாதா? உன் மானத்துக்காகத்தான் செய்தேன். நான் வரும்வரை பட்டணம் போகாதே. யாரிடமும் மூச்சு விடாதே. எனக்கும் இங்கே சோறு இறங்கவில்லை.

கோதண்டம்

அம்பத்தூர்
24-4-1937

கோதண்டம் அவர்களுக்கு,

பேரை எழுதிவிட்டேன். பத்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

பட்டணம் போய்விட்டு வந்தேன். டாக்டரம்மா அக்குளையும் கழுத்தையும் அழுத்திப் பார்த்தார்கள். நெஞ்சுக்குள்ளும் போய்விட்டதாம், இனி அறுத்துப் பிரயோஜனமில்லையாம். "ஆறு மாசத்துக்கு முன்னால ஏம்மா வரலே?" என்று கேட்டார்கள். எத்தனை நாள் என்று நான் கேட்டேன். மழுப்பப் பார்த்தார்கள், நான் விடவில்லை. ஆடி வரை தாங்காது.

பயமாக இருக்கிறது. வசந்தாவுக்குத் தலை வாரிப் பின்னியதை அவிழ்த்து மறுபடியும் பின்னுகிறேன். உங்களை மன்னித்துவிடலாம் என்று எவ்வளவோ பார்த்தேன், மனசு வரவில்லை. நோவு எனக்கு, சாகப்போவதும் நான். வெட்கம் மட்டும் உங்களுக்கா?

நேற்றுக் கிணற்றடியில் அத்தனை பெண்கள் நடுவிலும் எனக்கு வந்தது என்ன, எங்கே வந்தது என்று உரக்கச் சொன்னேன். சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் கோடி வீட்டு முத்தம்மாள் வந்து கதவைச் சாத்தினாள். "எனக்கும் கட்டி கீதுக்கா. ஊட்ல யாராண்டயும் சொல்லலே" என்று ரவிக்கையை அவிழ்த்தாள். நெல்லிக்காய் அளவுதான் இருக்கிறது.

நாளைக் காலை ரயிலில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். அவள் தங்கச்சியும் வருகிறேன் என்கிறாள். இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

சாமுண்டீஸ்வரி